சுடவைத்த பியரும் சிவபாதசுந்தரமும்

1

இன்று மத்தியானம் ரஞ்சி எனக்குப் பியர் சுடவைத்துத் தந்தாள்.

இந்த வரியை ஊரில் இருக்கும் என் அக்காமார் வாசித்தால் வேறு யாரோ எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். ரஞ்சி என் மனைவி. எங்கள் வீட்டுப் பிரிட்ஜுக்குள் பியர்ப் போத்தல் போகக்கூடாது, சாமிப்படத் தட்டுப் பக்கம் வெறும் போத்தல்கூடத் தலைகாட்டக்கூடாது என்று சட்டம் வைத்திருந்தவள். ஜேர்மனியில், ஹம் நகரில் நாங்கள் குடியேறிய நாள்தொட்டு நான் வீட்டில் குடித்த பியர் எல்லாம் பல்கனியில் நின்று குடித்தவைதான். மழை பெய்தால் குடையோடு.

இரண்டு நாளாக எனக்குத் தடிமன். தொண்டை கட்டிப் பேச்சு வரவில்லை. மருத்துவர் விடுப்புத் தந்துவிட்டார். ரஞ்சி யாருக்கோ தொலைபேசி எடுத்து நெடுநேரம் கதைத்தாள். பிறகு குசினியில் சட்டிச் சத்தம் கேட்டது. கறுத்த பியரைச் சின்னச் சட்டியில் ஊற்றி, மெல்லிய நெருப்பில் வைத்து, ஆவி எழும்பத் தொடங்கியதும் இறக்கி, தேன் விட்டுக் கலக்கி, தேநீர்க் கோப்பையில் கொண்டுவந்து வைத்தாள்.

"கொதிக்க விட்டா கைச்சுப் போகுமாம். ஹனலோர சொன்னவ. ஊதி ஊதிக் குடிச்சிட்டுப் படுங்கோ."

குடித்தேன். நல்லாகத்தான் இருந்தது. பாண் சுடும் கடைக்குள் நுழைந்தது போன்ற ஒரு வாசம். படுத்தேன், ஆனால் நித்திரை வரவில்லை. எழும்பி வந்து இதை எழுதுகிறேன். ஹனலோர யார், அவர் சொன்னால் ரஞ்சி எப்படிப் பியர் சுடவைப்பாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் என் தொண்டையைப் பற்றி. சின்ன வயதிலிருந்தே எனக்குக் குளிர்ந்தது ஆகாது. ஐஸ்பழம் ஒன்று சாப்பிட்டால் அடுத்த நாள் காய்ச்சல். அப்படிப்பட்டவன் வந்து சேர்ந்ததோ பியரைக் குளிரக் குளிரக் குடிக்கும் நாட்டுக்கு. நான் பஸ் ஓட்டுகிறேன். கோடையில் வேலை முடிந்து சக சாரதிகள் கூடிக் குடிக்கும் நாட்களில், அவர்கள் இரண்டாவது போத்தலைத் திறக்கும்போது நான் முதல் போத்தலை இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு இருப்பேன். "சிவா பியரை அடைகாக்கிறான், குஞ்சு பொரிக்கட்டும்" என்று சிரிப்பார்கள்.

மன்பிரெட் என்ற சாரதி மட்டும் ஒருநாள் சிரிக்காமல் சொன்னான்: "இதில் என்ன இருக்கிறது? என் மாமன் சாராயக்கடை வைத்திருந்தார். அங்கே இதற்கென்றே சாமான் இருந்தது." பென்சில் தடிப்பில் ஒரு தகரக் குழாய். அதற்குள் கொதிநீர் ஊற்றி மூடி, கிளாஸின் விளிம்பில் கொளுவிப் பியருக்குள் இறக்கிவிடுவார்களாம். பியர் குளிர்விட்டுப் போகும். வயிறு சரியில்லாதவர்கள், பல் கூசுகிறவர்கள் எல்லாம் வெட்கப்படாமல் கேட்டு வாங்குவார்களாம். இன்னும் சிலர் போத்தலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்துவார்கள், சிலர் அறையைச் சூடாக்கும் ஓடு பதித்த அடுப்பின் மேல் வைத்துவிட்டுச் சீட்டாடப் போவார்கள். இதையெல்லாம் கேட்ட அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. இந்த நாட்டிலும் முன்பு என்னைப் போல ஆட்கள் இருந்திருக்கிறார்கள்!

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, அபிராமி. ஹம்மில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நல்லாக விளங்கும். ஆனால் நாங்கள் தமிழில் கேட்பதற்கு டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், பதில் சொல்லுவாள். சின்னவளாக இருந்தபோது தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தோம். பிறகு அவளுக்குச் சனிக்கிழமைகளில் வேறு வேலைகள் வந்தன. படிப்புக்குத் தெற்கே போனாள், அங்கேயே வேலை எடுத்தாள். மாதம் ஒருமுறை வந்தவள் பெருநாளுக்கு மட்டும் வரத் தொடங்கினாள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நாங்கள் மட்டும் எங்கள் தாய்தகப்பனை எத்தனை தரம் போய்ப் பார்த்தோம்?

லூக்காஸ் என்ற பெடியனோடு சேர்ந்து வாழ்கிறேன் என்று அவள் சொன்னபோது ரஞ்சி ஒரு வாரம் சமைத்தாள், சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு "அந்தப் பெடியன்" என்றுதான் கதை. பெடியன் ஹம்முக்கு வந்து போனான். சம்பலை உறைப்பு என்று சொல்லாமல் மூக்கு வழிய வழியச் சாப்பிட்டான். ரஞ்சி அவனுக்கு இன்னும் கொஞ்சம் போட்டாள், ஆனால் பெயர் சொல்லவில்லை. அவனுடைய தாய்தகப்பன் எங்களை வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரஞ்சி ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்டு வைத்திருப்பாள். இப்படியே இரண்டு வருடம் போய்விட்டது.

சாதி, சமயம், ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவளுடைய கவலை என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"அங்க போய் நான் என்னத்தைக் கதைக்கிறது? என்ர டொச் என்ன டொச்? வாயைத் திற, கையைத் தூக்கு, நல்ல பிள்ளை, இன்னும் ஒரு வாய். உதுதான் எனக்குத் தெரிஞ்ச டொச். சம்பந்தி வீட்டில போய் உதையே கதைக்கிறது?"

ரஞ்சி முதியோர் இல்லம் ஒன்றில், மறதி நோய் வந்தவர்களின் பகுதியில் வேலை செய்கிறாள். டொச்சில் 'நீ' என்பதற்கு 'டு' என்பார்கள், 'நீங்கள்' என்பதற்கு 'ஸீ'. அவளுடைய பகுதியில் 'ஸீ' என்று கூப்பிட்டால் யாரும் திரும்பமாட்டார்கள். தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. 'டு' என்றால் குழந்தையைப் போலத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அவள் வாயில் 'டு' மட்டும்தான் வரும். வங்கியிலும் 'டு', அரச அலுவலகத்திலும் 'டு'. அபிராமி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ரஞ்சி அங்கே போய் அதிபரையே 'டு' என்று கூப்பிட்டுவிட்டாள். பிள்ளை அன்று வெட்கத்தில் அழுதது. ரஞ்சி அதை மறக்கவில்லை.

இந்த வருடம் தைமாதம் அபிராமி தொலைபேசி எடுத்தாள். அதிசயமாகத் தமிழில்.

"அம்மா, நான் கேக்கேல்லை, சொல்லுறன். கலியாணப் பதிவுக்கு டேர்மின் எடுத்து நாள் குறிச்சிட்டம். வைகாசியில. அதுக்கு முதல் நீங்கள் வந்து லூக்காஸின்ர அம்மா அப்பாவைப் பாக்கவேணும். பிளீஸ்."

ரஞ்சி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். பிறகு, "அவை வடை சாப்பிடுவினமோ?" என்று கேட்டாள்.

3

மாசி மாதத்துச் சனிக்கிழமை. ஹம்மிலிருந்து பாம்பெர்க் வரைக்கும் ரயில். ஒரு இணைப்பு தவறிப் பிளாட்பாரத்தில் குளிரில் நின்றோம். ரஞ்சி வடைப் பெட்டியை மடியை விட்டு இறக்கவேயில்லை. சேலை உடுத்தி அதற்குமேல் தடித்த குளிர்அங்கி போட்டிருந்தாள். பாம்பெர்க்கில் அபிராமி காரோடு நின்றாள்.

லூக்காஸின் வீடு நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சிற்றூரில். தகப்பன் கேயோர்க் ட்ரெசெல், கூரை வேய்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். உயர்ந்த, பேச்சுக் குறைந்த மனிதர். தாய் ஹனலோர அதற்கு நேரெதிர். நாங்கள் காரை விட்டு இறங்க முதலே வாசலில் நின்று கையாட்டிக்கொண்டு கதைக்கத் தொடங்கிவிட்டார். ரஞ்சி புன்னகைத்தாள், தலையாட்டினாள், வடையை நீட்டினாள், வாய் திறக்கவில்லை.

முற்றத்தில் நெருப்பு எரிந்தது. பழைய இரும்புத் தொட்டி ஒன்றுக்குள் கட்டைகள் தணலாகிக் கிடந்தன. தணலுக்குள் நாலைந்து இரும்புக் கம்பிகள், மரப் பிடி வெளியே தெரிய. சுற்றிவர அயலவர்கள் சிலர் நின்றார்கள். எங்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு என்று லூக்காஸ் சொன்னான். குளிர்காலத்தில் விருந்தாளி வந்தால் அந்த ஊரில் இப்படிச் செய்வார்களாம்.

கேயோர்க் கல்மண் குவளை ஒன்றில் முக்கால்வாசிக்குக் கறுத்த பியர் ஊற்றினார். சாதாரண பியர் இல்லை. 'பொக்' என்று சொல்லுகிற, இனிப்பும் வலுவும் கூடின பியர். தணலிலிருந்து ஒரு கம்பியை உருவினார். நுனி மாம்பழச் செம்மையில் பழுத்திருந்தது. சாம்பலைத் தட்டிவிட்டு அப்படியே பியருக்குள் விட்டார். 'ஸ்ஸ்ஸ்' என்று தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம். நுரை பொங்கி விளிம்புக்கு ஏறியது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்தில் கம்பியை வெளியே எடுத்துவிட்டார்.

பியரில் இருக்கும் இனிப்பு இரும்பில் பட்டுக் கருகி நுரையோடு கலந்துவிடும் என்று லூக்காஸ் விளக்கினான். முந்தி கொல்லர்கள் பட்டறையில் குளிருக்குச் செய்த வேலையாம். நான் உறிஞ்சிப் பார்த்தேன். மேலே சூடான நுரை, சீனிப்பாகு கருகத் தொடங்கும்போது வருமே, அந்த ருசி. ஆனால் நுரைக்குக் கீழே பியர் இன்னும் குளிராகவே இருந்தது. தொண்டை என்னைக் கேட்காமலே இருமியது.

கேயோர்க் என்னைப் பார்த்தார். "குளிர் ஆகாதா?"

"சின்ன வயதிலிருந்தே."

அவர் குவளையை வாங்கினார். இன்னொரு கம்பியை எடுத்து உள்ளே விட்டு, இம்முறை சத்தம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். நுரை கொஞ்சம் செத்துப்போயிற்று, ஆனால் பியர் அடிவரை இளஞ்சூடாகிவிட்டது. திருப்பித் தந்தார். ஜேர்மனியில் முதன்முதலாக ஒரு மனிதன் நான் கேட்காமலே எனக்குப் பியரைச் சூடாக்கித் தந்தது அன்றுதான். இவரோடு எனக்குச் சரிவரும் என்று நினைத்தேன்.

4

அடுத்த குவளைக்கு அவர் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அயலவர் ஒருவர் குவளையை உயர்த்தி, "புதிய திருமதி ட்ரெசெலுக்கு!" என்றார். எல்லோரும் அபிராமியைப் பார்த்தார்கள். அவள் லூக்காஸைப் பார்த்தாள். லூக்காஸ் தொண்டையைச் செருமினான்.

"திருமதி ட்ரெசெல் இருக்கமாட்டாள். நான்தான் அவளுடைய பெயரை எடுக்கப் போகிறேன். நாங்கள் முடிவு செய்துவிட்டோம்."

இங்கே கல்யாணப் பதிவில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். இருவரில் ஒருவருடைய பெயரை மற்றவர் எடுக்கலாம். அதிகம் பேர் ஆணின் பெயரைத்தான் எடுக்கிறார்கள். ட்ரெசெல் வீட்டில் லூக்காஸ் ஒரே மகன். இந்த முடிவு தகப்பனுக்குத் தெரியாது. எங்களுக்கும்தான்.

கேயோர்க் அசையவில்லை. அவருடைய ஒரு கையில் குவளை, மறு கையில் கம்பி. கம்பி பியருக்குள்ளேயே நின்றது. நுரை பொங்கி வழிந்து, கருகிய இனிப்போடு, குவளையைப் பிடித்திருந்த கையில் ஊற்றியது. அவர் சத்தம் போடவில்லை. குவளை கீழே விழுந்து உடைந்த சத்தம்தான் கேட்டது.

ஹனலோர உள்ளே ஓடி வெண்ணெய்க் கட்டியோடு வந்தார். அயலவர் ஒருவர் குனிந்து முற்றத்தோரம் கிடந்த பனியை அள்ளினார். அப்போது முற்றத்தில் ஒரு குரல் கேட்டது. நான் வீட்டில் ஒருநாளும் கேளாத குரல்.

"நைன்! வெண்ணெய் வேண்டாம்! பனி வேண்டாம்! டு, கேயோர்க், என்னோடு வா!"

ரஞ்சி அந்த உயர்ந்த மனிதரை முழங்கையில் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அவர் போனார். குழாயைத் திறந்து, தன் விரலால் தண்ணீரின் குளிரைப் பார்த்துச் சரிசெய்து, அவருடைய கையை அதன்கீழ் பிடித்தாள். விரலில் இருந்த மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றி எடுத்தாள்.

"நோகிறதா? எனக்குத் தெரியும். கையை எடுக்காதே. நல்ல பிள்ளை. இன்னும் கொஞ்சம். டு, என்னைப் பார், கையைப் பார்க்காதே."

வாயைத் திற, கையைத் தூக்கு என்கிற அதே டொச். ஒரு சொல் கூட்டிக் குறைக்கவில்லை. கேயோர்க் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குசினி வாசலில் நின்றேன். எனக்குப் பக்கத்தில் அபிராமி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மா வேலையில இப்பிடியா?" என்று காதுக்குள் கேட்டாள். ஓம், இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன் என்றேன். நானும் முதல்தரம்தான் பார்க்கிறேன்.

5

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கேயோர்க்கின் முகத்தில் நிறம் திரும்பியது. லூக்காஸ் உள்ளே வந்தான்.

"எங்களுடைய பெயரில் என்ன குறை?" என்று தகப்பன் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மெல்லக் கேட்டார்.

"ஒரு குறையும் இல்லை, அப்பா. அபிக்கு ஒவ்வொரு நாளும் யாராவது தொலைபேசி எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவள் சிவபாதசுந்தரம் என்ற பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் அதை வெட்டி சிவா என்று ஆக்கினார்கள், வேலையில் அதையும் சுருக்கினார்கள். ட்ரெசெல் என்று மாற்றினால் அவளுக்கு லேசுதான். ஆனால் ஏன் எப்போதும் அவளே லேசாக்க வேண்டும்? இனி நானும் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்."

ரஞ்சிக்கு அவ்வளவு டொச்சும் விளங்கிவிட்டது. குழாயடியில் அவளுடைய கை ஒரு கணம் அசையாமல் நின்றதைக் கண்டேன்.

கேயோர்க் என்னைப் பார்த்தார். "நீங்கள் கேட்டீர்களா இதை?"

"இல்லை. இப்போதுதான் அறிகிறேன்."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். சொல்லப்போனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷத்தில் பெரிய புளுகம். மகள் கட்டிப்போனால் பெயர் போய்விடும் என்று நினைத்திருந்தவனுக்கு, ஒரு வெள்ளைக்காரப் பெடியன் அதைக் கேட்டு வாங்குகிறான். ஆனால் அந்த மனிதரின் கை தண்ணீருக்குள் சிவந்துபோய் இருந்தது. அவருக்கு உண்மை தெரியவேண்டும் என்று பட்டது.

"சிவபாதசுந்தரம் எங்கள் குடும்பப் பெயர் இல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லை. அது என் அப்பாவின் பெயர், அவருடைய சொந்தப் பெயர். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது ஒரு அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எனக்கு டொச் தெரியாது. தகப்பன் பெயரைக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன். அன்றிலிருந்து நானும் சிவபாதசுந்தரம், என் மனைவியும் சிவபாதசுந்தரம், மகளும் சிவபாதசுந்தரம். ஊர் வழக்கப்படி பார்த்தால் அவள் என் பெயரைத்தான் வைக்கவேண்டும். குணசீலன்."



"உங்கள் அப்பா என்ன வேலை செய்தார்?" என்று கேயோர்க் கேட்டார்.

"சங்கக்கடை மனேச்சர். ஊருக்கெல்லாம் அரிசியும் மாவும் சீனியும் கொடுக்கிற கடை. ஒரு துளி குடிக்கமாட்டார். இப்போது தன் பெயரைப் பற்றிப் பியர்க் குவளையோடு ஆட்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் எழும்பி வருவார்."

கேயோர்க்கின் வாயோரம் கொஞ்சம் இளகியது. அவருடைய பெயருக்கும் பெரிய கதை ஒன்றும் இல்லையாம். எப்போதோ ஒருவன் மரம் கடைகிற வேலை செய்தான், யாரோ எழுதுவினைஞன் அதையே பெயராக எழுதிவிட்டான்.

அபிராமிதான் மெல்லச் சொன்னாள். இப்போது சட்டம் மாறிவிட்டதாம். இரண்டு பேரும் இரண்டு பெயரையும் சேர்த்தே வைக்கலாம். நீளம் கூடிவிடும் என்று அதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லையாம். ரஞ்சி குழாயை நிறுத்தினாள்.

"அப்ப ரெண்டையும் வைக்கட்டுமன். நீளமெண்டா என்ன? கடதாசி அரசாங்கத்தின்ரதானே."

அபிராமி சிரித்துச் சிரித்து அதை டொச்சில் சொன்னாள். ஹனலோர கைதட்டினார். கேயோர்க் சிரிக்கவில்லை. "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். ரஞ்சி அவருடைய கையைத் துடைக்காமல் ஒற்றி, சுத்தமான துணியால் தளர்வாகச் சுற்றிவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் மாறி என் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, இஞ்சேருங்கோ, நான் அவரை 'டு' எண்டெல்லோ கூப்பிட்டுப் போட்டன்!"

என்ன சொன்னாள் என்று கேயோர்க் கேட்டார். மொழிபெயர்த்தேன். இந்த நாட்டில் 'ஸீ'யை விட்டு 'டு'வுக்கு மாற ஒருவர் முறையாகக் கேட்கவேண்டும், மற்றவர் சம்மதிக்கவேண்டும், பிறகு சொந்தப் பெயரைச் சொல்லிக் கைகொடுப்பார்கள். சிலர் வருடக்கணக்காகக் கேட்பதில்லை. கேயோர்க் நல்ல கையை ரஞ்சியிடம் நீட்டினார்.

"கேயோர்க்," என்றார்.

"ரஞ்சி," என்றாள் இவள்.

6

பிறகு எல்லோரும் திரும்பவும் நெருப்படிக்கு வந்தோம். ரஞ்சி ஒன்றும் குடிக்காமல் நிற்பதை ஹனலோர கண்டார். உள்ளே போய் ஒரு போத்தல் மால்ட்ஸ்பியர் கொண்டுவந்தார். மால்ட்ஸ்பியர் என்பது பெயரில்தான் பியர். வெறி இல்லை. கறுப்பாக இனிப்பாக இருக்கும், இங்கே பிள்ளைகள் குடிப்பார்கள். "இதில் இனிப்பு அதிகம், கம்பிக்கு இன்னும் நல்லது. லூக்காஸ் பிறந்தபோது பால் சுரக்க எனக்கு இதைத்தான் தந்தார்கள்" என்றார்.

ரஞ்சி அந்தப் போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டொச்சில், தானாகவே, சொல்லத் தொடங்கினாள்.

அபிராமி பிறந்தபோது நாங்கள் அகதிகள் விடுதியில் ஒரு அறையில் இருந்தோம். மருத்துவிச்சி இதைக் குடிக்கச் சொன்னார். போத்தலில் பியர் என்று எழுதியிருந்ததால் ரஞ்சி தொடமாட்டேன் என்றாள். வெறி இல்லை என்று நான் சத்தியம் பண்ணவேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஒரு சிக்கல். பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர்ந்தது கொடுக்கலாமா? அங்கே அவளுக்குப் பத்தியம் பார்க்க என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. பொதுக் குசினியில் சட்டி வைத்து நான் அதைச் சுடவைத்தேன். அடுத்த அறைக்காரர் பார்த்துவிட்டு, இவன் பியரில் சூப் வைக்கிறான் என்று விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தார். விடியவும் பின்னேரமும் ஒவ்வொரு கோப்பை.

இதையெல்லாம் அவள் மறந்துவிட்டாள் என்றிருந்தேன். ஊருக்குத் தெரிந்தால் வெட்கம் என்று அந்த நாட்களைப் பற்றி அவள் யாரோடும் கதைத்ததில்லை. அன்றைக்கு ஒரு அந்நிய முற்றத்தில், முறிந்த டொச்சில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். "இவர் சுடவைத்தார். ஒவ்வொரு நாளும். மிகவும் நல்ல பிள்ளை" என்றாள் என்னைக் காட்டி. ஹனலோர விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். தன் மாமியாரும் அப்படித்தானாம், குளிர்ந்ததைக் கொடுத்தால் பாலும் குளிர்ந்துவிடும் என்று அடுப்பில் வைத்துத்தான் தருவாராம்.

அபிராமி தாயின் பக்கத்தில் போய் நின்றாள். "எனக்குச் சொல்லவேயில்லை" என்றாள்.

"நீ கேக்கேல்லையே, பிள்ளை."

கேயோர்க் கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தணலிலிருந்து நல்லாகப் பழுத்த கம்பியைத் தேர்ந்தெடுத்தார். குவளையை லூக்காஸ் பிடித்தான். ரஞ்சியின் மால்ட்ஸ்பியர் சீறிப் பொங்கியது. அவள் நுரையில் நாக்கு வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, எள்ளுப்பாகு மாதிரியெல்லோ இருக்கு!"

அன்று பின்னேரம் கார் ஏறும்போது கேயோர்க் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல். மெதுவாக." சொன்னேன். அவருக்குச் 'சிவ' வந்தது. மிச்சம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சம்மதமா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க ரஞ்சி யோசித்துக்கொண்டு திரிந்தாள். அவளுடைய யோசனை கையைப் பற்றியது, பெயரைப் பற்றியது இல்லை. "கொப்புளம் உடைச்சிருப்பாரோ?" என்று அவளே தொலைபேசி எடுத்தாள். ஹனலோர பேசினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஞாயிறு தவறாமல் கதைக்கிறார்கள். ரஞ்சியின் டொச் கூடியிருக்கிறதோ என்னவோ, பயம் போய்விட்டது.

7

வைகாசியில் பதிவு நடந்தது. தாலிகட்டு அடுத்த கிழமை ஹம் கோயிலில். ட்ரெசெல் குடும்பம் அதற்கு வந்து செருப்பைத் தொலைத்தது தனிக்கதை.

பதிவு மண்டபம் சின்னது, வெளிச்சமானது. மேசைக்குப் பின்னால் இளம் பெண் ஒருத்தி, அதிகாரி. முன்வரிசையில் பிள்ளைகள். பின்னால் நாங்கள் நாலு பேர். ரஞ்சியும் ஹனலோரவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே கைக்குட்டையைப் பாவித்தார்கள். கேயோர்க் சூட் போட்டிருந்தார். கையில் தழும்பு மெல்லிய ரோசா நிறமாக இருந்தது. காரில் வரும்போது அவர் ஒரு சொல்லும் பேசவில்லை, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது என்று ஹனலோர பிறகு சொன்னார். செபம் சொல்கிறார் என்று நினைத்தாராம்.

அதிகாரி விபரங்களை உரக்க வாசித்தாள். பிறந்த இடம், திகதி எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. "இன்றிலிருந்து நீங்கள் இருவரும் வைத்துக்கொள்ளும் குடும்பப் பெயர் ட்ரெசெல்..." என்று தொடங்கி நின்றாள். "ட்ரெசெல் சிவ... சிவபட்..." காது சிவந்து மன்னிப்புக் கேட்டாள். அபிராமி பழக்கத்தில் எழுத்துக்கூட்ட வாயைத் திறந்தாள். லூக்காஸும் திறந்தான்.

அதற்குள் என் பக்கத்தில் கதிரை அரக்கும் சத்தம் கேட்டது. கேயோர்க் எழுந்து நின்றார்.

"சிவபாதசுந்தரம்," என்றார்.

ஒரு எழுத்தும் விழவில்லை. கூரையில் நின்று கீழே இருப்பவனுக்குச் சொல்லும் குரலில், நிறுத்தி, தெளிவாக.

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நன்றி. நீங்கள்தான் திரு. சிவபாதசுந்தரமா?"

"இல்லை," என்றார் கேயோர்க். என்னைக் கையால் காட்டினார். "அது இவருடைய அப்பா. கடை மனேச்சர்."

அந்தப் பெண் நான் இருந்த பக்கமாக, மரியாதையாக, ஒருதரம் தலை தாழ்த்தினாள். பிறகு அந்தப் பெயரை முழுதாக வாசித்தாள்.